கேசிங்கில் அடித்த ஆணி

மண்ணுக்குள் கேபிள் போடுவது பெரிய வித்தையில்லை. போட்ட கேபிளை எங்கள் ஆட்களிடமிருந்து காப்பாற்றுவதுதான் வித்தை. சீமையில் இருக்கிறவன் தண்ணீருக்கும் கரையானுக்கும் பயந்து, காரீயத்தில் ஓர் உறை, அதன்மேல் தாரில் ஊறிய சணல், அதற்கும் மேல் இரும்புப் பட்டி என்று சுற்றிச் சுற்றி அனுப்பியிருந்தான். பாவம், எங்கள் பிரிக்பீல்ட்ஸ் குடியிருப்புக்காரர்களைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

பள்ளத்தில் மணலைப் பரப்பிக் கேபிளை இறக்குவோம். மறுபடி மணல் போட்டு, அதன்மேல் செங்கல்லை வரிசையாகப் படுக்கவைத்து, மண்ணைத் தள்ளி மூடுவோம். பிறகு எவனாவது அந்த இடத்தில் கடப்பாரை போட்டால் முதலில் செங்கல் இடிக்கும், கீழே ஏதோ இருக்கிறது என்று தெரிந்து கையை நிறுத்துவான் என்பது எங்களை வேலை வாங்கிய வெள்ளைக்காரத் துரையின் எண்ணம். எங்கள் ஆளுக்கும் தெரிந்தது. கீழே நல்ல சூளைச் செங்கல் சும்மா கிடக்கிறது என்று தெரிந்தது. நாலு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் மண் மூடியது மூடியபடி இருக்கும், செங்கல் இருக்காது. நாங்கள் குடியிருந்த லயத்தில் வீட்டுக்கு வீடு புது அடுப்பு எரியும். ஒரு வீட்டில் ஆட்டுக்கல்லுக்கு மேடையே கட்டியிருந்தார்கள்.

"ஏம்மா, இது கேபிளுக்கு மேல போட்ட கல்லும்மா" என்றேன் அந்த வீட்டுக்காரியிடம்.

"மண்ணுக்குள்ள கெடந்து என்னண்ணே பண்ணப்போவுது? இங்கன்னா மாவாவது ஆட்டலாம்" என்றாள் அவள். மாவு ஆட்டுவதை ஒரு நிமிடம்கூட நிறுத்தவில்லை.

எனக்கு அப்போதெல்லாம் மூக்குக்கு மேல் கோபம் வரும். இப்போதும் வரும், பல்தான் இல்லை. நான் கத்துவேன், என் கூட்டாளி சிரிப்பான். இரண்டு பேரும் ஒரே கப்பலில் வந்தவர்கள். ஒரே நாளில் ஒரே துரையிடம் பள்ளம் தோண்டச் சேர்ந்தவர்கள். அம்பாங் பக்கம் ஈயச் சுரங்க மண்ணிலும் தோண்டியிருக்கிறோம், பங்சார் தோட்டத்து ஓரச் சேற்றிலும் தோண்டியிருக்கிறோம். அவன் பொறுமைசாலி. கேபிள் உருளையை நாற்பது பேர் இழுக்கும்போது முன்னால் நின்று பாட்டெடுத்துக் கொடுப்பவன் அவன்தான். பின்னால் நின்று எவன் இழுக்காமல் ஏமாற்றுகிறான் என்று பார்த்துத் திட்டுவது என் வேலை. இந்தப் பொருத்தத்தைப் பார்த்தோ என்னவோ, சில வருஷங்கள் கழித்துத் துரை எங்கள் இருவரையும் பள்ளத்திலிருந்து மேலே ஏற்றி, வீடுகளுக்கு வயரிங் செய்கிற வேலையில் போட்டார். கையில் மண்வெட்டி போய்த் திருப்புளி வந்தது. அன்றைக்கு நாங்கள் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ரயில் எஞ்சின் ஓட்டுகிறவன்கூட அப்படி நடந்திருக்கமாட்டான்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. ஈயத்தின் விலையும் விழுந்தது. தோட்டங்களில் ஆட்களைக் கூட்டம் கூட்டமாக நிறுத்தினார்கள். வேலை போனவனைக் கிள்ளான் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்க் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். காலையில் பக்கத்து வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தவன் மறுவாரம் இருக்கமாட்டான். யாரும் பெரிதாகப் பேசிக்கொள்ளவும் இல்லை. பேசினால் நம் பெயரும் வந்துவிடுமோ என்று பயம்.

எங்கள் பெயரும் வந்தது. ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் கந்தோரில் எழுத்துவேலை பார்க்கும் கிராணிமார் குடியிருக்கும் கோட்டர்ஸ் இரண்டு வரிசை இருந்தது. ஒரு வரிசைக்கு நான், எதிர்வரிசைக்கு அவன். வேலை முடியும் தறுவாயில் துரை எங்கள் இருவரையும் மரத்தடிக்குக் கூப்பிட்டார். இனி வரப்போகும் வேலைக்கு ஓர் ஆள்தான் வேண்டும் என்றார். வெள்ளிக்கிழமை காலை எல்லா வீட்டையும் சோதித்துப் பார்ப்பாராம். எவன் வயரிங்கில் கோளாறு இருக்கிறதோ, அவன் போகவேண்டியதுதான்.

"சத்து ஓராங் திங்கல், சத்து ஓராங் பாலிக்" என்றார். ஒருத்தன் இருப்பான், ஒருத்தன் ஊருக்குத் திரும்புவான். மலாய்மொழியில் அவர் இதைச் சொன்னபோது ஏதோ கடையில் வாழைப்பழம் பிரிக்கிற மாதிரி இருந்தது.

எனக்கு இங்கேயே பெண்டாட்டி, இங்கேயே பிறந்த இரண்டு பிள்ளைகள். ஊரில் எனக்கென்று ஒரு காணி நிலமில்லை, வா என்று கூப்பிட ஆளில்லை. அவனுக்குப் பெண்டாட்டி ஊரில். இந்த வருஷம் கூட்டிவந்துவிடுகிறேன் என்று வருஷா வருஷம் சொல்லிக்கொண்டிருந்தான், அந்த வருஷம் நிஜமாகவே வீடு பார்த்துவைத்திருந்தான். இரண்டு பேரும் மரத்தடியிலிருந்து நடந்தோம். கொஞ்ச தூரம் போனதும், "என்னடா இது, சேவச் சண்ட மாதிரி" என்றான். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இங்கே கேசிங் பற்றிச் சொல்லவேண்டும். அப்போது வீட்டுக்குள் வயரைச் சுவரோடு சுவராக ஒரு மரச்சட்டத்துக்குள்தான் கொண்டுபோவோம். சட்டத்தில் நீளவாக்கில் இரண்டு பள்ளம் இருக்கும். போகிற கம்பிக்கு ஒன்று, வருகிற கம்பிக்கு ஒன்று. நடுவில் சிறு வரப்பு. வயரைப் பள்ளத்தில் படுக்கவைத்து மேலே ஒரு மெல்லிய மூடிச்சட்டத்தைத் திருகிவிட்டால் தீர்ந்தது. அந்தச் சட்டத்துக்குப் பெயர் கேசிங். எலி கடிக்காது, கைபடாது, பார்க்கவும் லட்சணமாக இருக்கும்.

லட்சணமாக இருந்ததுதான் வினை. அந்தக் கோட்டர்ஸ் சுவரெல்லாம் கருங்கல்போல் இறுகிய செங்கல் சுவர். ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். அப்படிப்பட்ட சுவரில், சரியாகத் தலைக்கு மேல் உயரத்தில், கூடம் முழுக்க ஒரு நல்ல மரச்சட்டம் ஓடினால் நம் ஆட்கள் அதை என்னவென்று நினைப்பார்கள்? சாமிப்படம் மாட்டுவதற்கு அரசாங்கம் அடித்துக்கொடுத்தது என்று நினைப்பார்கள். நினைத்தார்கள்.

என் வரிசையில் கடைசி வீடு ஒரு யாழ்ப்பாணத்துக் கிராணியாருடையது. வியாழக்கிழமை காலை, கடைசியாக ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று உள்ளே நுழைந்தேன். நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். முந்தாநாள் நான் பூட்டிவிட்டுப் போன கேசிங்கில் பிள்ளையார், முருகன், லட்சுமி, சரசுவதி, நடராசர் எல்லாரும் வரிசையாகத் தொங்கினார்கள். எல்லாருக்கும் மாலை. எல்லாருக்கும் பொட்டு. ஒவ்வொருவருக்கும் தலா ஓர் ஆணி, அதுவும் சுண்டுவிரல் நீளம்.

"என்ன தம்பி, அப்பிடிப் பாக்கிறீர்?" என்று கேட்டபடி வீட்டுக்கார அம்மா வந்தார். ஈரத் தலையில் துண்டு, கையில் கற்பூரத் தட்டு.

"அம்மா, இது கேசிங்கும்மா. உள்ளுக்குள்ள வயர் ஓடுது."

"ஓடட்டுமே. நான் வேண்டாமெண்டு சொன்னனானே?"

ஆணி வயரைத் துளைத்துக்கொண்டு சுவரை முட்டியிருக்கும், ஈரச் சுவரில் கரண்டு கசியும், நாளைக்கு மாலை போடுகிற கையைப் பிடித்து உதறிவிடும் என்று ஆனமட்டும் சொன்னேன். படங்களைக் கொஞ்சம் கழற்றித் தாருங்கள், வேறு இடத்தில் நானே மாட்டிக்கொடுக்கிறேன் என்றேன். அந்த அம்மா கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இது சீக்கிரம் முடியாது என்று.

"இது மண்டலப் பூசை. தொடங்கியாச்சு. முடியுமட்டும் படத்தை அசைக்கேலாது" என்றார். "இவருக்கு வேலை நிலைக்கவேணுமெண்டு நேர்ந்தது. கந்தோரிலை ஆக்களை நிப்பாட்டுறாங்களாம், தெரியுமோ உமக்கு?"

எனக்குத் தெரியாதா. அதற்காகத்தானே நானும் அங்கே நிற்கிறேன். என் வேலை நிலைக்கவேண்டுமானால் அவர் சாமியைக் கழற்றவேண்டும், அவர் வீட்டுக்காரர் வேலை நிலைக்கவேண்டுமானால் கழற்றக்கூடாது. இந்தப் பஞ்சாயத்தை எந்தச் சாமியிடம் கொண்டுபோவது என்று எனக்கு விளங்கவில்லை. கிராணியார் சாய்வு நாற்காலியில் பத்திரிகையை விரித்துத் தலையை அதற்குள் புதைத்திருந்தார். அவரைப் பார்த்தேன். பத்திரிகை இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது.

"கரண்டு அடிச்சா யாரும்மா பொறுப்பு?"

"முருகன் பாத்துக்கொள்ளுவான்."

"முருகனுக்கு வயர்மேன் வேலை தெரியாதும்மா" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன், வேண்டுமென்றேதான் சொன்னேன். பத்திரிகைக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்து உடனே இருமலாக மாறியது.

அந்த அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "உம்மடை வயரை வேணுமெண்டால் கழட்டும். என்ரை சாமியைக் கழட்டச் சொல்லாதேயும்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். அந்த அம்மாவைத் திட்டினேன், பத்திரிகைக்குள் ஒளிந்த கிராணியாரைத் திட்டினேன், கேசிங் கண்டுபிடித்தவனைத் திட்டினேன். எதிர்வரிசையிலிருந்து என் கூட்டாளி வந்தான். விஷயத்தைக் கேட்டான். உள்ளே எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். அவனுக்குப் பக்தி கொஞ்சம் அதிகம்.

"அந்த அம்மா சொன்னதுல என்னடா தப்பு?" என்றான். "சாமி அங்கேயே இருக்கட்டும். வயர கழட்டு."

"கழட்டி?"

"கழட்டி மேல கொண்டு போ. கூரைக்குக் கீழ, அவங்க கைக்கு எட்டாத எடத்துல புதுசா ஒரு கேசிங் அடி. இந்தச் சட்டம் சும்மா கெடக்கட்டும், சாமிக்கு."

"அவ்வளவு கேசிங்குக்கு எங்கடா போறது?"

"எங்கிட்ட மிச்சம் கெடக்கு" என்றான்.

அவன் வரிசையில் மிச்சமான கேசிங்கையும் வயரையும் அவனே தோளில் சுமந்து வந்தான். ஏணியை அவனே பிடித்துக்கொண்டான். யாருக்கு எதிராக யாருக்கு ஏணி பிடிக்கிறான் என்று எனக்கு நினைவு வந்தபடியே இருந்தது. அவனுக்கு வந்ததா தெரியாது, கேட்கவும் எனக்குத் தைரியமில்லை. பழைய சட்டத்தின் இரு முனையையும் அறுத்துவிட்டு, உள்ளே இருந்த வயரை, ஆணியில் சிக்கிச் சிக்கி வர, உருவி எடுத்தேன். நான் பயந்தது சரிதான். நாலு இடத்தில் துளை. பிள்ளையார் ஒருவர்தான் தப்பித்து வரப்பில் இறங்கியிருந்தார். பொழுது சாய்வதற்குள் மேலே புது வயர் ஓடியது, கீழே காலிச் சட்டத்தில் சாமிகள் அசையாமல் தொங்கினார்கள். அந்த அம்மா எங்கள் இருவருக்கும் சுண்டல் கொடுத்தார். எனக்குக் கொடுத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திரும்பும்போது கூட்டாளி ஏதோ யோசனையில் வந்தான்.

"ஒன் பக்கம் எத்தன சாமிடா" என்றான். "எம் பக்கம் ஒண்ணுகூட இல்ல."

அவன் வரிசையின் முதல் வீட்டில் கல்யாணமாகாத கிராணிப் பையன்கள் மூன்று பேர் இருந்தார்கள். டென்னிஸ் மட்டை இருந்தது, தொப்பி மாட்டும் கட்டை இருந்தது, சாமிப்படம் என்ற பேச்சே இல்லை. சுத்தமான சுவர். அதைவிட நல்ல வீடு ஒரு வயர்மேனுக்குக் கிடைக்காது. அதைத்தான் அவனிடம் சொன்னேன். அவன் 'உம்' கொட்டிக்கொண்டு வந்தான்.

வெள்ளிக்கிழமை துரை தன் சோதனைப் பெட்டியோடு வந்தார். வயரின் முனையைப் பெட்டியில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றுவார். வயருக்கு எங்கேயும் காயமில்லையென்றால் பெட்டியின் முள் கடைசிவரை போய் நிற்கும். எங்கேயாவது கசிந்தால் சரிந்து கீழே வந்துவிடும். என் வரிசையில் வீடு வீடாகச் சுற்றினார். முள் ஒழுங்காகப் போனது. கடைசி வீட்டில் நுழைந்ததும் நின்றார். மேலே ஒரு கேசிங், கீழே ஒரு கேசிங், கீழே உள்ளதில் மாலையும் பூவுமாகத் தெய்வங்கள்.

"இத்து அபா?" என்றார், கீழ்ச் சட்டத்தைக் காட்டி. இது என்ன?

"சாமி பூஞா தெம்பாட், துவான்" என்றேன். சாமியின் இடம், ஐயா என்று.

துரை கொஞ்ச நேரம் நடராசரைப் பார்த்தார். பிறகு கைப்பிடியைச் சுற்றினார். முள் கடைசிக்குப் போய் நின்றது. அந்த அம்மா சமையலறைக் கதவோரம் நின்று, முருகன் பார்த்துக்கொள்வான் என்று அன்றைக்கே சொன்னேனே என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

எதிர்வரிசைக்குப் போனோம். கிராணிப் பையன்கள் வீட்டுக் கூடத்தில் காலெடுத்து வைத்தோம். நேற்றுவரை வெறுமையாக இருந்த கேசிங்கில் ஒரு முருகன் படம் தொங்கியது. புதுப் படம். புது மாலை. கீழே ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. நான் கூட்டாளியைப் பார்த்தேன். அவன் இரண்டு விரலை விரித்து இடைவெளியைத் தொட்டுக் காட்டி, நடுவில்தான் அடித்தேன் என்று சைகை செய்தான். நடுவரப்பில். இரண்டு பள்ளத்துக்கும் இடையில், கம்பி இல்லாத இடத்தில். கேசிங் அடிக்கிறவனுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் அந்த வரப்பு சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இல்லை, அதையும் மூடிச்சட்டத்துக்கு மேலிருந்து குத்துமதிப்பாகத்தான் அடிக்கவேண்டும்.

துரை கைப்பிடியைச் சுற்றினார். முள் பாதி தூரம் ஏறியது. பிறகு சரிந்து கீழே வந்து படுத்துவிட்டது. இன்னொரு முறை சுற்றினார். இன்னொரு முறையும் படுத்தது.

யாரும் சொல்லாமலே கூட்டாளி போய்ப் படத்தைக் கழற்றினான். கண்ணில் ஒற்றிக்கொண்டு நாற்காலியில் சாய்த்து வைத்தான். குறடால் ஆணியை இழுத்தான். ஆணி முனையில் செம்பு மினுங்கியது. மறுபடி சுற்றினார் துரை. ஆணி போனாலும் வயரில் துளை இருந்தது, முள் அப்போதும் எழவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. வயரிங்கில் தப்பில்லை துவான், ஆணியால் வந்தது, வீட்டில் இருக்கிறவர்கள் அடித்திருப்பார்கள், என் வீட்டிலும் இப்படித்தான் அடித்தார்கள் என்று தெரிந்த மலாயையெல்லாம் கொட்டினேன். அந்த மூன்று பையன்களும் வேலைக்குப் போயிருந்தார்கள். மறுத்துப் பேச ஓர் ஈ காக்கை கிடையாது. துரையும் என் பேச்சை நம்பத் தயாராகத்தான் இருந்தார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். எங்கள் இருவர்மேலும் அவருக்குப் பிரியம் உண்டு. கூட்டாளி பக்கம் திரும்பினார்.

"சியாப்பா புக்குல் பாக்கு?" என்றார். ஆணியை அடித்தது யார்?

நான் அவனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். தலையை ஆட்டினேன். இன்னும் என்னென்னமோ செய்தேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. நாற்காலியில் இருந்த படத்தைப் பார்த்தான்.

"சாயா, துவான்" என்றான். நான்தான்.

துரை பெட்டியை மூடினார். வயர்மேனே கேசிங்கில் ஆணி அடித்தால் அதற்குமேல் ஒரு துரை என்னதான் செய்வார்.

கிள்ளான் துறைமுகம்வரை நான் கூடவே ரயிலில் போனேன். வழி முழுக்க அவனைத் திட்டிக்கொண்டே போனேன். மடையன் என்றேன், உருப்படாதவன் என்றேன். இன்னும் சொன்னேன், எழுத முடியாது. அவன் தகரப் பெட்டியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தபடி வந்தான். படகுத்துறையில் மூட்டையும் முடிச்சுமாகக் கூட்டம். தோட்டத்து ஆட்கள், பெண்கள், அழுகிற குழந்தைகள். வரிசையில் நின்றோம்.

"ஒரே ஒரு பொய்டா" என்றேன். "அந்தப் பசங்க அடிச்சாங்கன்னு ஒரு பொய். வாய் வலிக்குமா?"

"வெள்ளிக்கெழம அதுவுமா" என்றான். "படத்துக்கு முன்னால நின்னுக்கிட்டு எப்படிடா சொல்றது?"

"அந்தப் படந்தான்டா ஒன்ன கப்பலேத்துது."

"முருகன் என்ன பண்ணுவான்? அடிச்சது நானு" என்றான். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான். "நீ பெரிய கெட்டிக்காரன்னு நெனச்சுக்காத. அந்த அம்மா மட்டும் சொன்ன பேச்சு கேட்டுப் படத்த கழட்டியிருந்தா, நீயும் ஓட்ட வயரோடதான் நின்னிருப்ப. நாம ரெண்டு பேரும் ஒண்ணாவே கப்பலேறியிருக்கலாம்."

உண்மை. படங்களைக் கழற்றித் தந்திருந்தால், ஆணி போனால் கசிவும் போய்விடும் என்று நினைத்து ஆணியைப் பிடுங்கி, படங்களை வேறு இடத்தில் மாட்டிவிட்டுப் போயிருப்பேன். உள்ளே வயரில் இருந்த துளையைப் பார்த்திருக்கவே மாட்டேன். என் பிள்ளைகள் இந்த மண்ணில் சோறு தின்றது அந்த அம்மாவின் பிடிவாதத்தால். அந்த அம்மாவை நான் திட்டின திட்டு கொஞ்சமா.

வரிசை நகர்ந்தது. அவன் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்தான். உள்ளே கலகலவென்று இரும்புச் சத்தம். திருப்புளி, குறடு, சுத்தியல், எல்லாம் எடுத்துக்கொண்டுதான் போகிறான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவனுக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்கவேண்டும். இரண்டடி எடுத்துவைத்தவன் நின்று திரும்பினான். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"எங்க ஊர்ல கரண்டே இல்லடா" என்றான். "சுத்துப்பட்டுல எங்கேயுமே இல்ல. நான் போயி என்ன வேலைடா செய்வேன்?"

பின்னால் இருந்தவர்கள் நகரச் சொல்லித் தள்ளினார்கள். அவன் பலகையில் ஏறிக் கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே போய்விட்டான். திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைக்காமல் நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.